ஏட்டையா மூக்கும் பதினாலு மொடாவும்

11.5.92

காலை ஐந்தரைக்கு எழுந்தேன். சுந்தரபாண்டியம் ஊர் அமைதி. குறிப்பிடும்படி ஒன்றுமில்லை.

ரிட்டயர் ஆகி ஒரு வருஷம் இரண்டு மாதம். போலீஸ் ஸ்டேஷனில் முப்பத்தோரு வருஷம் ஜி.டி. என்கிற தினக்குறிப்பு எழுதிய கை, சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. அங்கே யார் வந்தான், யாரைப் பிடித்தோம், என்ன பறிமுதல் என்று எழுதுவேன். இங்கே எழுத என்ன இருக்கிறது? ஆடு வேலியைத் தாண்டியது என்று எழுதலாம்.

வெள்ளத்தாய் மத்தியான பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் போனாள். தென்னை வைத்திருக்கும் சிறு விவசாயிகளுக்கு ஏதோ கூட்டமாம். என் பெண்டாட்டி விவசாயி என்பதே எனக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது. அவள் அப்பா சீதனமாகக் கொடுத்தது நாற்பத்திரண்டு மரம். அதை வைத்துக்கொண்டு பெரிய பண்ணைக்காரி மாதிரி கிளம்பிவிட்டாள். "இந்தாருங்க, சோறு மூடி வச்சிருக்கேன். போயிட்டு வாரேன்" என்றாள். அனுமதி கேட்கவில்லை. தகவல் சொன்னாள்.

12.5.92

கூட்டத்துக் கதையை ஆரம்பித்தாள். ரேடியோவைச் சத்தமாக வைத்தேன்.

19.5.92

தேங்காய் வியாபாரி தனுஷ்கோடி வந்தான். இருபது வருஷமாக எங்கள் தோப்புக் காயை வெட்டுகிறவன் அவன்தான். அவன் சொன்னதுதான் விலை. ஒரு காயைத் தட்டிப் பார்ப்பான், உதட்டைப் பிதுக்குவான், "காய் சிறுத்துப் போச்சு ஏட்டையா" என்பான். எல்லா வெட்டிலும் சிறுத்துத்தான் போகிறது. இருபது வருஷத்தில் அந்தக் காய் எலுமிச்சங்காய் ஆகியிருக்க வேண்டும்.

இந்தத் தடவை வேறு பேச்சு. மொத்தத் தோப்பையும் ஏழு வருஷக் குத்தகைக்குக் கேட்கிறான். "ஒத்தப் பொம்பள எதுக்கு வெயில்ல கெடந்து சீரழியணும்?" என்று உருகுகிறான். ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதைதான். ஆனாலும் எனக்குச் சரி என்றே பட்டது. ஒரு கையெழுத்து, தொல்லை விட்டது.

வெள்ளத்தாய் முடியாது என்றாள். "எங்க அப்பா வச்ச மரத்தடியில ஏழு வருசம் நான் கால் வைக்கக் கூடாதா? தை வரைக்கும் பொறுங்க. நாங்க பதினோரு பேரு சேந்து காடி போடப் போறோம். அது ஓடலைன்னா இவுகளுக்கே எழுதிக் குடுத்துருதேன்."

காடி! எங்கள் ஊரில் காடி என்றால் கழுநீர்த் தொட்டியில் புளித்துக் கிடப்பது. மாடு குடிக்கும். அதைப் பாட்டிலில் அடைத்து மனுஷனுக்கு விற்கப் போகிறார்களாம். தனுஷ்கோடி சிரித்த சிரிப்பில் வெற்றிலைச் சாறு சட்டையில் வழிந்தது. நானும் சிரித்தேன்.

2.6.92

கூட்டம் போட்ட அம்மாள் வீட்டுக்கே வந்துவிட்டாள். பெயர் கிருபாபாய். நாகர்கோவில் பக்கமாம். விவசாயிகளுக்கு டிரெயினிங் கொடுக்கிற உத்தியோகம். முப்பது வயசு இருக்கும். ஒரு குடை, ஒரு தோள்பை, ரப்பர் செருப்பு. டவுன் பஸ்ஸில் வந்து இறங்குகிற ஆபீசரை இப்போதுதான் பார்க்கிறேன்.

"காயாவே வித்துடாதீங்க சார். நீங்களே வெட்டிக் காயப் போட்டுக் கொப்பரையா வித்தா விலை கூடும். சிரட்டையைக் கரியாக்கலாம். காயை வெட்டும்போது தண்ணியை என்ன செய்யுறீங்க?"

"தரையில போகும்."

"அந்தத் தண்ணியைத்தான் காடி ஆக்கப் போறோம். இங்கிலீஷ்ல வினிகர். மதுரையில ஒரு ஊறுகாய்க் கம்பெனி எடுத்துக்கிடுதோம்னு சொல்லியிருக்கு."

அப்புறம் சீனி, ஈஸ்ட், இத்தனை நாள், அத்தனை நாள் என்று ஆரம்பித்தாள். பேக்கரி வைக்கப் போகிறார்கள் போலிருக்கிறது. "எனக்கு இதெல்லாம் எதுக்கும்மா? அவகிட்டப் பேசிக்கிடுங்க" என்று எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டேன். போகும்போது காதில் விழுந்தது: ஏதோ பர்மிஷனுக்கு எழுதிப் போட்டிருக்கிறாளாம், காகிதம் எந்த மேஜையிலோ கிடக்கிறதாம். கிடக்கட்டும்.

15.6.92

மேலத் தோப்பில் பரிபூரணத்தின் மோட்டார் ரூமை ஒட்டி ஓலைக் கொட்டகை எழும்பிவிட்டது. பரிபூரணத்துக்கு இருப்பது முப்பது மரம். வாய் மட்டும் முந்நூறு மரத்துக்குப் பேசும். பதினோரு பேர் சேர்ந்து குயவரிடம் சொல்லிச் செய்த பெரிய மொடா பதினாலு. வரிசையாக வைத்துச் சந்தனப் பொட்டு வைத்திருக்கிறார்கள். கல்யாணத்துக்குக் கூட இவ்வளவு அமர்க்களம் இல்லை.

இன்றைக்கு அங்கே நடந்ததைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள் வெள்ளத்தாய். கிருபாபாய், "தாயைப் பத்திரமா வச்சுக்கிடுங்க. தாய் செத்தா எல்லாம் போச்சு" என்றாளாம். உடனே பரிபூரணம், "எந்தத் தாயி? இங்க வெள்ளத்தாயும் இருக்கா, வேலுத்தாயும் இருக்கா. யாரைச் சொல்லுதீய?" என்றாளாம். பழைய காடியின் மேல் ஏடு கட்டி நிற்குமே, அதற்குத்தான் தாய் என்று பெயராம். அதில் கொஞ்சம் எடுத்து விட்டால்தான் புதுசு காடியாகத் திரும்புமாம்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று இவர்களைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார்கள்.

24.6.92

சமையல்கட்டுப் பரணில் ஒரு ஊறுகாய் ஜாடி. வாயில் துணி கட்டியிருந்தது. அவிழ்த்தால் மேலே வழுவழுவென்று ஏடு.

"அதுதாங்க தாய். கொட்டகையில ஒண்ணு, வீட்டுல ஒண்ணு இருக்கட்டும்னு அந்தம்மா குடுத்தாக."

ஒரு ஏட்டு வீட்டுப் பரணில் என்ன இருக்கலாம் என்று ஒரு முறை உண்டு. நாளைக்குள் இது போகவில்லை என்றால் நானே சாக்கடையில் ஊற்றுவேன் என்று சொல்லிவிட்டேன்.

25.6.92

ஜாடி இல்லை. பேச்சைக் கேட்கிறாள்.

21.7.92

ஆடிக் காற்று மண்ணை அள்ளி இறைக்கிறது. ஊருக்குப் பிரியும் விலக்கில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். காற்று மேற்கே இருந்து. மூக்கில் ஏறியது. நின்றுவிட்டேன். இனிப்பும் புளிப்பும் கலந்து, தொண்டையின் பின்னால் ஒரு காந்தல். சந்தேகமே இல்லை. என் மூக்கு ரிட்டயர் ஆகவில்லை.

22.7.92

இன்றைக்கும்.

5.8.92

பென்ஷன் வேலையாக ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். தேர்த் திருவிழா பந்தோபஸ்து முடிந்து எஸ்.ஐ. பொன்னுராஜ் டீக்கடையில் நின்றிருந்தான். மீசை முளைத்து மூன்று மாதம் ஆகியிருக்கும், அதற்குள் இரண்டு ஸ்டார். "ஏட்டையா வாங்க, டீ சாப்பிடுங்க" என்று கூப்பிட்டு உட்காரவைத்தான். கூட இருந்த கான்ஸ்டபிள் பையன்களிடம், "இவருதான்டா உக்கிரபாண்டி ஏட்டு. மலையடிவாரத்துல மோப்ப நாய் விட்ட சாராய ஊறலை எல்லாம் இவர் மூக்குப் பிடிச்சிருக்கு" என்றான். பயல்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள்.

நான் சொன்னேன். மொடாவைப் பார்க்க வேண்டாம், திறக்க வேண்டாம். வாசனையை வைத்து எத்தனாம் நாள் ஊறல் என்று சொல்வேன். முதல் நாள் பதநீர் மாதிரி. மூன்றாம் நாள் நுரை பேசும், மொடாவில் காதை வைத்தால் கேட்கும். ஐந்தாம் நாள் கண்ணைக் கரிக்கும்.

"இப்பல்லாம் யாரு ஏட்டையா போடுதா?" என்று இளக்காரமாகக் கேட்டான் ஒருத்தன்.

"ஏலே, போன மாசம் ரெண்டு தடவை எங்க ஊர் மேலத் தோப்புப் பக்கம் காத்துல வந்துது. அஞ்சாம் நாள் ஊறல். இன்னைக்குப் போனாலும் இருக்கும்" என்றேன்.

பொன்னுராஜ் டீ கிளாஸைக் கீழே வைத்தான். எனக்குப் பால்கோவா வாங்கிக் கொடுத்து, பஸ் வரைக்கும் வந்து ஏற்றிவிட்டான். யார் கொட்டகை என்று நான் சொல்லவில்லை.

7.8.92

காலை பதினோரு மணி. இரண்டு ஜீப். கடப்பாரையோடு ஆறு பேர்.

நான் வீட்டில் இருந்தேன். ஓடி வந்து சொன்னார்கள். நான் போவதற்குள் பதினாலு மொடாவும் உடைந்து, தென்னம்பாத்தி எல்லாம் நுரை. ஊர் முழுக்க அந்த வாசனை. அதில் ஆறு மொடா ஏற்கெனவே காடியாகத் திரும்பிவிட்டதாம். அடுத்த வாரம் மதுரைக்குப் போக வேண்டியதாம். எனக்கு இதெல்லாம் அங்கே உடைந்த ஓட்டுக்கு நடுவில் நின்றபோதுதான் ஒருத்தர் சொல்லித் தெரிந்தது. வெள்ளத்தாய், பரிபூரணம், வேலுத்தாய் மூன்று பேரையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஜீப்பில் இருந்தபடி பரிபூரணம் நெஞ்சில் அடித்துக்கொண்டு, "தாய் போச்சே! பாவி மக்கா, எங்க தாயைக் கொன்னுட்டாங்களே!" என்று கத்திக்கொண்டே போனாளாம்.

வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். மூன்று பேரும் தரையில், சுவர் ஓரமாக. என்னைப் பார்த்ததும் வெள்ளத்தாய் முகத்தில் ஒரு தெம்பு. எங்க வீட்டுக்காரர் வந்துட்டார், இனிமே பயமில்லை என்று பக்கத்தில் சொன்னாள். எனக்குக் கேட்டது.

பொன்னுராஜ் நாற்காலியை விட்டு எழுந்து வந்தான். இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

"ஏட்டையா! சொன்னீங்க பாருங்க, அஞ்சாம் நாள் ஊறல்னு. அச்சு அசலா அதேதான். மேலத் தோப்புலயேதான். பதினாலு மொடா! உங்க மூக்குக்குத் தங்கத்துல கவசம் போடணும்!"

கையை மெல்ல உருவிக்கொண்டேன். 

"என்ன ஏட்டையா?"

"இது என் சம்சாரம்" என்றேன்.

"எது?"

"அந்தப் பச்சைப் புடவை."

அவன் என்னைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். கான்ஸ்டபிள் பையன் ஒருத்தன் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடினான். வெள்ளத்தாய் என்னைப் பார்க்கவே இல்லை. குனிந்து புடவையில் ஒட்டியிருந்த நுரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் மூன்று பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரே பஸ்ஸில் வந்தோம். அவள் முன்னால் உட்கார்ந்தாள், நான் பின்னால்.

8.8.92

தவளை தன் வாயால் கெடும் என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்.

காலையில் அவள் அண்ணன் சோலைச்சாமி சோழபுரத்திலிருந்து வந்தான். ஒரு வேன் நிறைய ஆட்கள். ரோஜா மாலை. கையில் கோடிப் புடவை. தெருமுனையிலேயே ஒப்பாரியை ஆரம்பித்துவிட்டார்கள். பரிபூரணம் கத்திய கத்தல் பஸ்ஸோடு சோழபுரம் போய், தாய் போச்சு என்பது வெள்ளத்தாய் போயிட்டா என்று ஆகி, போலீஸ் அடித்ததில் போயிட்டா என்று முடிந்திருக்கிறது. நல்ல சாதி சனம். ஒருத்தனுக்காவது விசாரித்துவிட்டு வர வேண்டும் என்று தோன்றியதா? விசாரிக்காமல் கிளம்புகிற கூட்டம்.

— இதை எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தேன். விசாரிக்காமல். யார் யாரைச் சொல்வது?

வெள்ளத்தாய் துடைப்பத்தோடு வாசலுக்கு வந்து நின்றாள். சோலைச்சாமி மாலையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டான். "ஏட்டி, நீ உசுரோடவா இருக்க?" என்று அழுதான். வந்தவர்களுக்கெல்லாம் காபி போட்டுக் கொடுத்தாள். மாலையை ஆட்டுக்குப் போட்டாள். கோடிப் புடவையை மட்டும் அண்ணன் திருப்பி எடுத்துப் போகக் கூடாதாம், அது வழக்கம் இல்லையாம். வாங்கி உள்ளே வைத்தாள்.

மத்தியானம் இலை போட்டாள். "ஏட்டையா, சாப்பிட வாங்க" என்றாள்.

முப்பத்து மூன்று வருஷத்தில் அவள் வாயால் ஏட்டையா என்று கேட்டதில்லை. ஊர் கூப்பிடும், கள்ளச்சாராயக்காரன் கூப்பிடுவான். வீட்டில் "இந்தாருங்க"தான்.

10.8.92

வாக்குமூலம் எழுதுவது போல எழுதிப் பார்க்கிறேன்.

கேள்வி: வாசனை எங்கிருந்து வந்தது?
பதில்: மேலத் தோப்பிலிருந்து.
கேள்வி: மேலத் தோப்பில் யாருடைய கொட்டகை இருக்கிறது என்று தெரியுமா?
பதில்: தெரியும்.
கேள்வி: அங்கே என்ன செய்கிறார்கள் என்று தெரியுமா?
பதில்: கேட்கவில்லை. சொல்ல வந்தபோது எழுந்து போய்விட்டேன்.
கேள்வி: பிறகு ஏன் சொன்னாய்?

ஏன் சொன்னேன்? அந்த மீசை முளைக்காத பயல்க என்னைப் பாத்தானுகளே, அதுக்குத்தான். ஒரு வருசத்துக்குப் பொறவு நாலு பேரு வாயைப் பொளந்து என்னைப் பாத்தான். வந்துருச்சு வாயில. பொம்பளைகளை ஒரு மெரட்டு மெரட்டிட்டு விட்டுருவாங்க, இவளும் பயந்து தோப்பைக் குடுத்துருவா, எனக்கும் தொல்லை விட்டுச்சுன்னு உள்ளுக்குள்ள ஒரு கணக்கு. தெரியாதுன்னு எழுதாதே உக்கிரபாண்டி. தெரியும். தெரிஞ்சுதான் சொன்ன.

19.8.92

தனுஷ்கோடி குத்தகைப் பத்திரத்தையே எழுதிக் கொண்டுவந்துவிட்டான். கையெழுத்து மட்டும்தான் பாக்கி. "நான் அன்னைக்கே சொன்னேனே தாயி, பொம்பளைக்கு எதுக்கு இந்தச் சோலி" என்றான். கொட்டகையில் மற்ற பத்துப் பேரும் கையை உதறிவிட்டார்கள். மொடா போச்சு, தாய் போச்சு, இனி எதை வைத்துப் போடுவது?

வெள்ளத்தாய் உள்ளே போனாள். அரிசிக் குலுக்கைக்குப் பின்னால் கையை விட்டாள். அந்த ஊறுகாய் ஜாடி! நான் சாக்கடையில் ஊற்றச் சொன்ன ஜாடி. இரண்டு மாதமாக என் தலைமாட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்திருக்கிறது. என் மூக்கு என்ன செய்துகொண்டிருந்தது?

"ஏட்டையா வீட்டுல எவன் வந்து சோதனை போடுவான்? அதான் இங்க வச்சேன்" என்று தனுஷ்கோடியிடம் சொன்னாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. "தை வரைக்கும்னு சொன்னேன்லா. தை இன்னும் வரல. போயிட்டு வாங்க."

அவன் போனதும் கோடிப் புடவையை எடுத்தாள். அரிவாள்மனையில் வைத்துக் கிழித்தாள். பதினாலு துண்டு. மொடா வாய்க்கு வேடு கட்ட. செத்தவளுக்கு வந்த துணியை அப்படிச் செய்யலாமா என்று கேட்க வந்தேன். கேட்கவில்லை. 

2.9.92

கிருபாபாய் விவரமான பெண்தான், ஒத்துக்கொள்ள வேண்டும். பர்மிஷன் காகிதம் எந்த மேஜையில் இருக்கிறது என்று தேடிப் பிடித்திருக்கிறாள். ஆனால் நடுவில் இந்த ரெய்டு விழுந்ததால் நகராது என்கிறார்களாம். தகவல் கொடுத்தவர் தவறான தகவல் என்று எழுதிக் கொடுத்தால் நகருமாம். என்னிடம் வந்து கேட்கவில்லை. வெள்ளத்தாயிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கொல்லைப்பக்கம் போகாமல் உட்கார்ந்து கேட்டேன்.

இன்றைக்கு ஸ்டேஷனுக்குப் போனேன். இன்ஸ்பெக்டர் ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்காரவைத்தார். அந்தப் பெஞ்சு எனக்குத் தெரியும். அதில் நான் எத்தனை பேரை உட்காரவைத்திருக்கிறேன்! ஒரு கால் ஆடும். இன்னும் ஆடுகிறது, ஒருத்தனும் சரி பண்ணவில்லை.

"முப்பத்தோரு வருச சர்வீஸ். மாட்டுக் காடிக்கும் சாராயத்துக்கும் வித்தியாசம் தெரியலையா ஏட்டையா?" என்றார். மாட்டுக் காடி இல்லை, தேங்காய்க் காடி என்றேன். எழுதச் சொன்னார். விசாரிக்காமல் கொடுத்த தகவல் என்று என் கைப்பட எழுதினேன். கான்ஸ்டபிள்கள் மீது இதே வார்த்தையில் நான் மெமோ எழுதியிருக்கிறேன். எழுத்துப் பிழை இல்லாமல் வந்தது.

3.9.92

வெள்ளத்தாயிடம் சொன்னேன். "சரிங்க ஏட்டையா" என்றாள்.

14.10.92

பர்மிஷன் வந்துவிட்டது. மறுபடி பதினாலு மொடா. இந்தத் தடவை குயவர் ஏமாற்றிவிட்டார், வேக்காடு போதாது. யாராவது என்னைக் கேட்டார்களா? கொட்டகைப் பக்கம் போனால் பரிபூரணம் பேச்சை நிறுத்திவிட்டுக் காறித் துப்புகிறாள். மொடாக்கள் கோடித் துணி கட்டிக்கொண்டு வரிசையாக நிற்கின்றன.

டீக்கடையில் எனக்குப் புதுப் பெயர் வைத்திருக்கிறார்கள். மோப்பம். முன்னாலும் அதே பெயர்தான். அப்போது பெருமையாகச் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

13.11.92

மழை. மதுரைக் கம்பெனியிலிருந்து காடி சாம்பிள் திரும்பிவிட்டது. சாராய நெடி அடிக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். இன்னொரு தடவை அனுப்பலாம். அதுவும் திரும்பினால் இனி எழுத வேண்டாம் என்று கடைசி வரியில் மரியாதையாகப் போட்டிருக்கிறது.

கொட்டகையில் பெரிய சண்டையாம். யாருடைய மொடா திரும்பவில்லை என்று. எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து அனுப்பியிருக்கிறார்கள். புளித்ததையும் புளிக்காததையும். அறிவுக் கொழுந்துகள். கிருபாபாயிடம் சோதனைக் குழாய் இருக்கிறது, ஆனால் அவள் பதினைந்து நாளைக்கு ஒரு தடவைதான் வருகிறாள். இவர்கள் நாக்கில் வைத்துப் பார்க்கிறார்கள். மூன்று மொடா ருசி பார்த்தால் நாக்கு மரத்துவிடும், நாலாவதிலிருந்து எல்லாம் ஒன்றுதான். இதுகூடத் தெரியாதா?

எனக்குத் தெரியும். ஆனால் நான் யார் சொல்வதற்கு?

16.11.92

இரண்டு நாளாக வாய் வரைக்கும் வருகிறது. விழுங்கிவிடுகிறேன். போன தடவை வாய் திறந்ததே போதும்.

20.11.92

காலை எட்டு மணிக்கு வெள்ளத்தாய் வந்து முன்னால் நின்றாள். கண் வீங்கியிருந்தது. ராத்திரி தூங்கவில்லை போல.

"ஏட்டையா. அன்னைக்கு டீக்கடையில பெருமை பேசினீகளாமே, வாசனையை வச்சே எத்தனாம் நாள்னு சொல்லுவேன்னு. அது நெசமா, சும்மாவா?"

"நெசம்."

"அப்ப வாங்க."

அவள் முன்னால் நடந்தாள். கொட்டகையில் பத்துப் பேரும் நின்றிருந்தார்கள். பரிபூரணம் வழிவிடவில்லை, நான்தான் ஒதுங்கிப் போனேன். வேடு கட்டிய துணியைக் கொஞ்சம் நெகிழ்த்தி முதல் மொடாவில் மூக்கை வைத்தேன்.  ஆயிரம் ஊறல் பார்த்த மூக்கு. எல்லாமே உடைப்பதற்காகப் பார்த்தது. உடைக்காமல் இருப்பதற்காக ஒன்றைக்கூட மோந்ததில்லை.

"இது திரும்பிட்டுது. காடி."

இரண்டாவது. "காடி." மூன்றாவது. "இது இன்னும் சாராயம். எட்டு நாள் வேணும்." நாலாவதில் வேறு வாசனை, நகப்பூச்சு மாதிரி. "இதுல தாய் சரியாப் பிடிக்கலை. தனியா வைங்க, மத்ததுல கலந்துராதீங்க." ஒவ்வொன்றுக்கும் நடுவில் வெளியே போய் மழைக்காற்றை இழுத்துவிட்டு வந்தேன். வேலுத்தாய் கரிக்கட்டியால் மொடாவில் குறி போட்டுக்கொண்டே வந்தாள். ஒன்பது காடி, நாலு சாராயம், ஒன்று நகப்பூச்சு.

யாரும் நன்றி சொல்லவில்லை. பரிபூரணம் மட்டும், "மூக்கு நல்லாத்தான் இருக்கு. மூக்குக்குக் கீழ இருக்குததுதான் சரியில்ல" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

21.11.92

கிருபாபாய் வந்து குழாயில் சோதித்தாள். பதினாலுக்கும் நான் சொன்னது சரி. "சார், எப்படி?" என்று கேட்டாள். சர்வீஸ் என்றேன்.

28.11.92

எட்டு நாளைக்கு ஒரு தடவை வரச் சொல்லியிருக்கிறார்கள். கொட்டகையில் வருகைப் பதிவேடு ஒன்று உண்டு. பதினோரு பேர் வரிசை. எனக்குப் பதின்மூன்றாவது இடம். காய் உரிக்க வருகிற ஆளுக்கும் கீழே. கையெழுத்துப் போட்டேன். பென்சிலில்தான், பேனா தரவில்லை.

19.12.92

சாம்பிள் பாஸ். கம்பெனிக் கடிதத்தைப் பரிபூரணம் ஊர் முழுக்கக் கொண்டுபோய்க் காட்டினாள். படிக்கத் தெரியாதவர்களிடமும் காட்டினாள். வெள்ளத்தாய் கடிதத்தைப் பரணில் வைத்தாள், முன்னால் ஜாடி இருந்த இடத்தில். "ஏட்டையா, பத்திரம்" என்றாள். இன்னும் ஏட்டையாதான். நாலு மாதம், பதினோரு நாள்.

18.1.93

தை ஐந்தாம் நாள். காலை ஒன்பது மணிக்கு மதுரையிலிருந்து கம்பெனி வேன். ஒன்பதரைக்குத் தனுஷ்கோடி, கையில் அதே பத்திரம், ஓரமெல்லாம் மடங்கி அழுக்காகிவிட்டது. தை வந்ததும் சரியாக வந்துவிட்டான், கெடு தவறாத மனுஷன். வேனைப் பார்த்தான். கேன்கள் ஏறுவதைப் பார்த்தான். கொப்பரைச் சாக்குகளைப் பார்த்தான்.

"அடுத்த வெட்டுக்குக் காயாவது எனக்குத் தருவீகளா தாயி?"

"காயா விக்கறதில்ல. கொப்பரையா வேணும்னா கேளுங்க. விலை நாங்க சொல்லுவோம்" என்றாள் வெள்ளத்தாய். அவன் உதட்டைப் பிதுக்கினான். பழக்கம்.

நான் மோந்து முடித்துத்தான் ஒவ்வொரு மொடாவையும் இறக்கினார்கள். கம்பெனி ஆள் ஒன்றைச் சந்தேகப்பட்டான். "இல்ல, இது சரி" என்றேன். அவன் என்னை யார் என்று கேட்டான். பரிபூரணம், "அவுகதான் எங்க மோப்பம்" என்றாள். இந்தத் தடவை எந்த அர்த்தத்தில் சொன்னாள் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

மாலை ஆறு மணி. மொடா பதினாலும் காலி, உடைசல் இல்லை. பறிமுதல் ஒன்றுமில்லை. வேடு கட்டிய துணிகளையெல்லாம் அவிழ்த்து ஒரு கூடையில் போட்டிருந்தது. நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். வெளியே போன வெள்ளத்தாய் வாசலில் நின்று திரும்பினாள்.

"இந்தாருங்க, அந்தக் கோடித் துணிகளை எடுத்துட்டு வாங்க. துவைச்சுக் காயப் போடணும்."

கூடையைத் தூக்கிக்கொண்டேன். டீக்கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். அவளுக்குப் பின்னால் நடந்தேன்.